பிரேக்குக்குப் பொட்டு வைத்தவர்

பொட்டுசாமியைப் போலத் தொல்லை பிடித்த மனுஷர் புதுக்கோட்டை மாவட்டத்தில் இன்னொருவர் கிடையாது. இனிமேல் அப்படி ஒருவர் பிறந்தாலும் அவர் எங்கள் கார் ஸ்டாண்டுப் பக்கம் வராமல் இருக்க வேண்டும். ஒரு ஸ்டாண்டு ஒரு பொட்டுசாமியைத்தான் தாங்கும்.

நான் கறம்பக்குடியில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். பொட்டுசாமியும் அதே ஸ்டாண்டில் கார் ஓட்டியவர். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வரவில்லை. அவர் பண்ணிய வேலைக்கு இந்தப் பெயர்தான் பொருத்தம்.

ஆயுத பூஜை அன்று நாங்கள் எல்லோரும் வண்டியைக் கழுவுவோம், வாழைக்கன்று கட்டுவோம், முன்னால் ஒரு பொட்டு, நாலு டயருக்கும் நாலு பொட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். முடிந்தது. பொரியும் கடலையும் வாயில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம். பொட்டுசாமி விடியும்போது ஆரம்பிப்பார். முதலில் ஸ்பேனர், ஜாக்கி, ஸ்டெப்னி டயர். பிறகு பானெட்டைத் திறந்து பேட்டரிக்கு, ரேடியேட்டருக்கு, ஃபேன் பெல்ட்டுக்கு. அப்புறம் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரியும். சைலன்சருக்குப் பொட்டு. டீசல் டேங்குக்குப் பொட்டு. கண்ணுக்கே தெரியாத இடத்தில் கையை விட்டுத் தடவிப் பார்த்துப் பொட்டு.

"என்னண்ணே, என்ஜினைக் கல்யாணம் பண்ணிக் குடுக்கப் போறீங்களா?" என்று கேட்டால் அடியிலிருந்து குரல் வரும்.

"மேல இருக்கிறதை ஊரே பாக்குது அப்பு. அடியில கெடக்குறதுதான் உசுரக் காப்பாத்துது. அதுக்கு ஒரு பொட்டு வச்சா நீ கொறைஞ்சா போயிருவ?"

என்ஜின் சூட்டுக்குக் குங்குமம் உதிர்ந்துவிடுகிறது என்று ஒரு வருஷம் கண்டுபிடித்தார். அடுத்த வருஷத்திலிருந்து சந்தனமும் குங்குமமும் வைத்து, காய்ந்ததும் அதன் மேல் தன் மகளின் நெயில் பாலிஷைப் பூசிவிட்டார். பானெட்டைத் திறந்தால் கல்யாண மண்டபத்தில் மணப்பெண் அறைக்குள் நுழைந்த மாதிரி ஒரு வாசம் வரும்.

ஒரு ஆயுத பூஜைக்கு மறுநாள் போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் எங்களை மடக்கினார். அபராதம் போடுகிற மெஷினைக் கையில் எடுத்தார். பொட்டுசாமி பாக்கெட்டில் மிச்சம் இருந்த சந்தனத்தைத் தொட்டு, அந்த மெஷினின் நெற்றியில் ஒன்று வைத்துவிட்டார்.

"என்னய்யா பண்ற?"

"நேத்து விட்டுப்போச்சுங்க சார். இதுவும் ஆயுதம்தானுங்களே?"

அந்தப் போலீஸ்காரர் கொஞ்ச நேரம் மெஷினைப் பார்த்தார், பொட்டுசாமியைப் பார்த்தார், "போய்யா" என்று சொல்லிவிட்டார்.

என் கெட்ட நேரம், இந்த மனுஷர் பேச்சைக் கேட்டு அவர் வாங்கிய அதே காரை அதே ஷோரூமில் நானும் வாங்கினேன். அதே வெள்ளை. ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஓடியது. பிறகு இரண்டு வண்டியிலும் பிரேக் பெடல் ஒரு விளையாட்டைத் தொடங்கியது. காலை வைத்தால் பெடல் கீழே போகும். போய்க்கொண்டே இருக்கும். கிணற்றுக்குள் வாளி இறங்குகிற மாதிரி. எடுத்து இன்னொரு தரம் மிதித்தால்தான் வண்டி நிற்கும். ஒவ்வொரு நேரம் அதற்கும் யோசிக்கும்.

புதுக்கோட்டையில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்கு இருவரும் போனோம். அங்கே ஒரு தம்பி வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடியிலிருந்து காய்ந்த செடி ஒன்றை உருவினான். எங்கள் பக்கம் உளுந்தும் கொள்ளும் அறுத்ததும் தார் ரோட்டில் பரப்பிப் போடுவார்கள். போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறி இறங்கினால் தானாக நெற்று உடைந்து மணி உதிர்ந்துவிடும். அந்தச் செடியைத் திருட்டு நகையைப் பிடித்துவிட்டவன் மாதிரி தூக்கிக் காட்டினான்.

"இது மேல எல்லாம் ஓட்டுனா பிரேக் இப்படித்தாங்க சார் இருக்கும்."

"ஏப்பா, அடியில சிக்குன செடி பெடலுக்கு எப்படிய்யா வரும்? பஸ் ஏறியா?" என்றார் பொட்டுசாமி.

"சிஸ்டத்துல அப்படித்தாங்க சார் போட முடியும்."

அந்த 'சிஸ்டம்' என்கிற வார்த்தையை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். அதற்குப் பிறகு கேட்டதற்குக் கணக்கில்லை.

கொஞ்ச நாள் கழித்துக் கார் கம்பெனியிலிருந்து எங்கள் இருவர் செல்போனுக்கும் ஒரு மெசேஜ் வந்தது. சில வண்டிகளில் பிரேக் மாஸ்டர் சிலிண்டரில் குறை இருக்கிறது, கொண்டு வந்தால் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று. பெடலை மிதித்தால் நாலு சக்கரத்துக்கும் அழுத்தம் அனுப்புகிற சாமான் அது. அதற்குள் இருக்கிற ரப்பர் சரியில்லையாம். மெசேஜின் கடைசியில் ஒரு லிங்க் வேறு. ஸ்டாண்டில் எல்லோரும் இது பேங்க் பணத்தை உருவுகிற திருட்டு மெசேஜ் என்றார்கள், நான் அழித்துவிட்டேன். பொட்டுசாமி மட்டும் அழிக்கவில்லை. அதில் இருந்த சேஸிஸ் நம்பர், வண்டிக்குள் தகட்டில் அடித்திருக்கிற அந்த நீள நம்பர், தன் வண்டியுடையதுதான் என்றார். அதை எப்படி மனப்பாடமாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "அந்தத் தகட்டுக்கும் பொட்டு வச்சிருக்கேன்ல" என்றார்.

ஆக, கம்பெனியே ஒத்துக்கொண்டுவிட்டது. உளுந்துச் செடி நிரபராதி. இனி என்ன, போனால் மாற்றிவிடுவார்கள் என்று நினைத்தோம். நினைப்பதற்குக் காசா பணமா.

"பார்ட் இன்னும் வரலைங்க சார். புதன்கிழமை வந்திரும்." எந்தப் புதன்கிழமை என்று அவர்கள் சொல்லவில்லை. வெளியே கடையில் வாங்கி மாட்டலாம் என்றால், எங்கள் ஊர் மெக்கானிக் வேண்டாம் என்றார். கடையில் கிடப்பதும் அதே பழைய ரப்பர் போட்ட சரக்குதான், சரி பண்ணிய புதுசு கம்பெனி வழியாகத்தான் வரும் என்றார். எனவே புதன்கிழமை தோறும் போனோம். அங்கே குளிரூட்டிய அறை. பட்டனை அமுக்கினால் காபி. சுவரில் பெரிய டிவி. அதில் அந்தக் கம்பெனி விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கும். மழையில் ஒரு கார் பறந்து வரும், குறுக்கே ஒரு குழந்தை பந்தோடு ஓடும், கார் பட்டென்று நிற்கும், குழந்தை சிரிக்கும்.

பொட்டுசாமி காபியை உறிஞ்சிக்கொண்டே சத்தமாகச் சொல்வார். "இந்த வண்டிக்கு மட்டும் பார்ட்டு வந்துருச்சு போல."

போன் பண்ணினால் பதிவு செய்த ஒரு பெண் குரல், உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் கடமை என்று ஆரம்பிக்கும். "அப்படியா ஆத்தா, ரொம்ப சந்தோசம்" என்று அதற்கும் மரியாதையாகப் பதில் சொல்வார். பிறகு பாட்டு. பிறகு லைன் கட்.

ஒரு புதன்கிழமை அதிசயமாக அவர் வண்டியை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். மதியம் வரை வைத்திருந்தார்கள். கழுவித் துடைத்துப் பளபளவென்று கொண்டு வந்து விட்டார்கள். "புதுசு மாட்டியாச்சுங்க சார்." உடனே அவர் போனில் ஒரு மெசேஜ், எங்கள் சேவைக்கு ஐந்து நட்சத்திரம் தாருங்கள் என்று. வண்டியை எடுத்தார். கேட்டுக்கு வருவதற்குள் பெடல் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினார். இறங்கி, பானெட்டைத் திறந்தார். உள்ளே மாஸ்டர் சிலிண்டர் புத்தம் புதுசாக மின்னியது. மேல் பக்கம் மட்டும்.

நேராக வரவேற்பு மேஜைக்குப் போய், அங்கே இருந்த பெண்ணிடம், "கைக்கண்ணாடி இருக்காம்மா?" என்று கேட்டார். அந்தப் பெண் பயந்துபோய் எடுத்துக் கொடுத்தாள். அதைச் சிலிண்டருக்கு அடியில் நீட்டிப் பிடித்தார்.

"அப்பு, இங்கிட்டு வா. பாரு."

பார்த்தேன். கண்ணாடியில், போன ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு சிவப்பாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பழைய சிலிண்டரைக் கழற்றவே இல்லை. மேலே துடைத்துப் பாலிஷ் போட்டிருக்கிறார்கள்.

மேனேஜர் டை கட்டிக்கொண்டு வந்தார். பார்த்தார். கொஞ்சம்கூட அசரவில்லை.

"சார், புதுப் பார்ட் மாட்டுனதும் எங்க பசங்க பூஜை போட்டிருப்பாங்க. நாங்களும் சாமி கும்பிடுறவங்கதான்."

"ஓகோ. ஒங்க பசங்களும் எம் மவ நெயில் பாலிசைத்தான் பூசுறாங்களா?"

வரவேற்புப் பெண் எட்டிக் கண்ணாடிக்குள் பார்த்தாள். "சார், இது கிளிட்டர் போட்டதுங்க சார்" என்று சொல்லிச் சிரித்தாள். மேனேஜர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டாள்.

"சரி, மாட்டலைன்னு தெரிஞ்சு போச்சுல்ல. இப்ப மாட்டுங்க" என்றார் பொட்டுசாமி.

"சிஸ்டத்துல ஒங்க வண்டி முடிஞ்சதா காட்டுதுங்க சார். முடிஞ்ச வண்டிக்கு இன்னொரு பார்ட் கேக்க முடியாது."

"முடியவே இல்லியேய்யா!"

"அது எனக்குத் தெரியுதுங்க சார். சிஸ்டத்துக்குத் தெரியலையே."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத முடியாது, வீட்டில் பிள்ளைகளும் படிக்கிற பத்திரிகை இது. கத்தியதற்குப் பலன், இன்னொரு காபி கிடைத்தது. பழைய பார்ட்டைத் துடைத்துப் புதுசு என்று எழுதியவன் யார் என்று கடைசி வரை எங்களுக்குச் சொல்லவில்லை. தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறோம் என்றார்கள். என் வண்டி? அது வரிசையில் இருக்கிறதாம்.

அன்றோடு பொட்டுசாமி சவாரியை நிறுத்திவிட்டார். வண்டியைத் தன் வீட்டுக் கொட்டகையில் போட்டார். விற்றுவிடச் சொல்லி ஒரு புரோக்கர் வந்தார். எக்ஸ்சேஞ்சில் நல்ல விலை வரும், வாங்குகிறவனுக்கு ஒன்றும் தெரியாது என்றார்.

"வித்தா பிரேக்கு சரியாயிருமா? எனக்குப் பதிலா வேற ஒருத்தன் சாவான். அம்புட்டுத்தானே? போங்க அங்கிட்டு" என்று விரட்டிவிட்டார்.

அதோடு வீட்டில் சும்மா இருந்திருந்தால் அவர் பொட்டுசாமி இல்லை. தினமும் ஸ்டாண்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு என் பிழைப்பைக் கெடுக்க ஆரம்பித்தார். ஒரு அம்மா தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போக என் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பொட்டுசாமி ஜன்னலுக்குள் தலையை விட்டார்.

"ஆத்தா, எறங்கிருங்க. இந்த வண்டிக்குப் பிரேக் இல்ல. வேற வண்டி பாருங்க."

அந்த அம்மா ஆஸ்பத்திரிப் பையை அள்ளிக்கொண்டு இறங்கிவிட்டார்.

"அண்ணே! என் பொழப்புல ஏண்ணே மண்ண அள்ளிப் போடுறீங்க? வண்டிய நிறுத்துனா எம் புள்ளைங்களுக்கு நீங்களா சோறு போடுவீங்க?"

"ஒம் புள்ளைங்களுக்கு அப்பன் வேணும்னுதான்டா சொல்றேன்."

"ரெண்டு மிதி மிதிச்சா நிக்குதுண்ணே."

"ரெண்டாவது மிதிக்கு நேரம் இருக்கணும்ல?"

அவர் சொன்னது சரிதான். ஆனால் தவணை கட்ட வேண்டிய தேதி அதற்காக நிற்காதே. நான் ஓட்டத்தான் செய்தேன். அலுத்துப் போயிருந்தது. பயப்படக்கூடத் தெம்பு இல்லாத அலுப்பு.

மறுநாள் சவாரிக்குக் கிளம்பும்போது பொட்டுசாமி முன் கதவைத் திறந்து என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"நீ நிறுத்த மாட்ட. அப்ப நானும் வாரேன்."

வலது கையை ஹேண்ட் பிரேக் கம்பி மேல் வைத்தார். எடுக்கவில்லை. அன்றிலிருந்து எந்தச் சவாரிக்குப் போனாலும் அவர் முன் சீட்டில். கூலி கொடுத்தால் வாங்க மாட்டார். யார் இவர் என்று பயணிகள் கேட்டால், "நான் ரெண்டாவது பிரேக்கு" என்பார். மாட்டைப் பார்த்தால் கம்பியை இறுக்குவார். ஆட்டைப் பார்த்தால் என்னைத் திட்டுவார். குன்றாண்டார்கோவில் பக்கம் ஓர் இழவு வீட்டுக்குச் சவாரி போனபோது, முன் சீட்டிலிருந்து இறங்கியவரை நெருங்கிய சொந்தம் என்று நினைத்து ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இவரும் கூடவே அழுதார். திரும்பி வரும்போது கேட்டேன்.

"செத்தது யாருண்ணே?"

"யாருக்குத் தெரியும்? நல்ல மனுசனாம்."

பிறகு அந்தத் திருச்சிச் சவாரி. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிற ஒரு பையனையும் அவன் தாயாரையும் விமான நிலையத்துக்கு அழைத்துப் போனோம். நார்த்தாமலை விலக்கைத் தாண்டியதும், கல் ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று முன்னால் திடீரென்று நின்றுவிட்டது. மிதித்தேன். பெடல் கீழே போனது. எடுத்து மறுபடி மிதித்தேன். அதுவும் கீழே போனது. லாரியின் பின்பக்கம் கண்ணாடி முழுக்க நிறைந்தது. அதில் எழுதியிருந்த 'ஒலி எழுப்பவும்' என்பதை எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

பொட்டுசாமி கம்பியை இழுத்தார். பின் டயர்கள் அலறின. வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் நின்றது. லாரிக்கும் எங்களுக்கும் நடுவில் ஓர் ஆள் நுழைய முடியாது.

பின் சீட்டில் அந்தத் தாயார் "யா அல்லாஹ்" என்று மகனைக் கட்டிக்கொண்டார். நான் பொட்டுசாமி திட்டுவதற்காகக் காத்திருந்தேன். சொன்னேன்ல, சொன்னேன்ல என்று ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. கம்பியைப் பிடித்திருந்த கையை எடுக்கவும் இல்லை. பின்னால் திரும்பி, "ஆத்தா, அடி ஒண்ணும் படலையே?" என்றார். அவ்வளவுதான்.

அவர்களை வேறு காரில் ஏற்றி அனுப்பினோம். என் வண்டியை ஓரமாக உருட்டிக்கொண்டே, மாட்டு வண்டியைவிட மெதுவாக, புதுக்கோட்டை சர்வீஸ் சென்டருக்கு வந்தோம். அங்கே முன் வாசலில் புது வண்டி டெலிவரி நடந்துகொண்டிருந்தது. ரிப்பன் கட்டிய கார், மாலை, தேங்காய், ஒரு குடும்பமே சிரித்துக்கொண்டு நின்றது. அந்த வீட்டுக்காரம்மா வண்டிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

பொட்டுசாமி அவர்களிடம் போனார். சண்டை போடவில்லை. கும்பிட்டார்.

"நல்லா இருங்க. மேல வச்சது போதும்மா. பானெட்டைத் தொறக்கச் சொல்லுங்க. உள்ள ஒரு சிலிண்டர் இருக்கும், அதுக்கு அடிப்பக்கம் ஒண்ணு வைங்க. மேல நெயில் பாலிசு பூசிருங்க. பின்னால இங்க மாத்திட்டோம்னு சொல்லுவாங்க, அப்ப பாத்துத் தெரிஞ்சுக்கலாம்."

குடும்பத்தின் சிரிப்பு நின்றது. வீட்டுக்காரர் பானெட்டைத் திறக்கச் சொன்னார். அடுத்து நின்ற குடும்பமும் திறக்கச் சொன்னது. ஒரு பெண் தன் கைப்பையில் நெயில் பாலிஷ் தேடினாள். மேனேஜர் உள்ளேயிருந்து ஓடி வந்தார். அந்த மனுஷர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வராத பார்ட் அன்று மாலைக்குள் வந்துவிட்டது. ஒன்றே ஒன்று. என் சேஸிஸ் நம்பர் ஒட்டிய பெட்டியில்.

"இதை அவர் வண்டிக்குப் போடுங்க. அவர் வண்டிதான் நிக்குது" என்றேன்.

"நம்பர் ஒத்துப் போகாதுங்க சார். அவர் வண்டி சிஸ்டத்துல முடிஞ்சிருச்சு."

நான் அந்த மேஜையைத் தட்டிய தட்டில் காபிக் கோப்பை விழுந்தது. பொட்டுசாமி என் தோளை அமுக்கி உட்கார வைத்தார்.

"போடட்டும் விடு அப்பு. ஓடுற வண்டிக்குத்தான்டா மொதல்ல பிரேக்கு. நிக்கிற வண்டிக்கு எதுக்கு?"

கழற்றிய பழைய சிலிண்டரை அவர்கள் தன் கையில் கொடுக்கும் வரை அவர் அந்த லிஃப்டுக்கு அடியிலிருந்து நகரவில்லை.

இப்போது என் பெடல் கல் மாதிரி நிற்கிறது. அவர் வண்டி இன்னும் கொட்டகையில். தலைமை அலுவலகத்திலிருந்து பதில் இல்லை. அவரும் புதன்கிழமை போவதை விடவில்லை, அவர்களும் காபி கொடுப்பதை விடவில்லை. மற்ற நாட்களில் காலையில் வந்து என் பக்கத்தில் ஏறிக்கொள்கிறார். கூலியில் பாதியைச் சட்டைப் பையில் திணித்தால், சண்டை போட்டுவிட்டு வாங்கிக்கொள்கிறார்.

முன் சீட்டில் உட்காரலாமா என்று கேட்கிற பயணிகளிடம், அங்கே ஆள் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அவர் வராத புதன்கிழமைகளிலும் அப்படித்தான் சொல்கிறேன்.